அலுவலக லேப்டாப்களின் திரையை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவலகத்துக்கு லேப்டாப் வாங்குவோர் பலர், செயலியையும் நினைவகத்தையும் விலையையும் அலசி ஆராய்ந்துவிட்டு, திரையை மட்டும் “14 அங்குலம், ஃபுல் எச்டி” என்ற ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். செயலி ஓராண்டு பழையதாக இருந்தாலும் பெரும்பாலான அலுவலக வேலைகளில் வித்தியாசம் தெரியாது. மங்கலான திரையோ லேப்டாப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணை உறுத்தும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மாடலின் பெயரை வைத்தே திரையை முடிவு செய்வது. லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட், எச்பி எலைட்புக் போன்ற வணிக வரிசைகளில் ஒரே மாடல் வெவ்வேறு பேனல்களுடன் விற்கப்படுவது வழக்கம். 2018-இல் வெளிவந்த திங்க்பேட் டி480-இல் 1366 × 768, 1920 × 1080, 2560 × 1440 என மூன்று தெளிவுத்திறன்களில் திரைகள் கிடைத்தன. இவற்றுள் முதலாவது, பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும் டிஎன் (TN) வகையைச் சேர்ந்தது. மூடியைச் சற்றுச் சாய்த்தாலே எக்செல் தாளில் வெளிர் மஞ்சள் பூசிய கட்டங்கள் வெள்ளையோடு கலந்துவிடும் வகை அது. மற்ற இரண்டும், பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் (IPS) வகை என்பதால் அந்தத் தொல்லை இல்லை. எனவே ஒரு மாடலின் திரையைப் பற்றிய பாராட்டோ புகாரோ, அது எந்தப் பேனலைப் பற்றியது என்று தெரியாதவரை உதவாது. புதுப்பித்து விற்கப்படும் பழைய லேப்டாப்களை வாங்குவோர் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

விவரக்குறிப்பு ஒன்றாகவே இருந்தாலும் பேனலைத் தயாரித்த நிறுவனம் வேறாக இருக்கலாம். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் ‘மானிட்டர்ஸ்’ என்பதைத் திறந்து, ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்தில் ‘ஹார்ட்வேர் ஐடிஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஏயுஓ (AUO), பிஓஇ (BOE), எல்ஜிடி (LGD) என்பன போன்று பேனல் தயாரிப்பாளரைக் குறிக்கும் மூன்றெழுத்துகளில் தொடங்கும் குறியீடு தெரியும். மொத்தமாக வாங்கும் நிறுவனங்கள் மாதிரிக்கு வந்த லேப்டாப்பில் இந்தக் குறியீட்டைக் குறித்துவைத்து, பின்னர் வரும் சரக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்தது நிறம். திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதைச் சொல்ல, விவரக்குறிப்பில் “45 சதவீத என்டிஎஸ்சி (NTSC)” என்றும் “100 சதவீத எஸ்ஆர்ஜிபி (sRGB)” என்றும் இருவேறு அளவுகோல்கள் வரும்; இவற்றை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. ஏறத்தாழ 72 சதவீத என்டிஎஸ்சி என்பதுதான் 100 சதவீத எஸ்ஆர்ஜிபிக்கு நிகரானது. ஆகவே 45 சதவீத என்டிஎஸ்சி திரை எஸ்ஆர்ஜிபியில் 62 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். அதில் நல்ல சிவப்பு, செங்கல் நிறத்துக்கு இறங்கித் தெரியும். கணக்குப் பிரிவினருக்கு அதனால் பெரிய நட்டமில்லை. ஆனால் விளம்பரப் படிவமோ பொருள் படமோ பார்த்து ஒப்புதல் தருகிறவர் அந்தத் திரையை நம்பி முடிவெடுத்தால், அச்சாகி வரும்போது நிறம் வேறாகத்தான் இருக்கும்.

வெளிச்சத்தின் அளவான நிட்ஸ் விஷயத்தில் சிறிய வித்தியாசங்களுக்காகப் பணத்தை விடுவது வீண். 250-க்கும் 300-க்கும் இடையிலான வேறுபாட்டைக் கண் பெரிதாக உணராது. வெயில் விழும் ஜன்னலோரத்தில் வேலை செய்பவருக்கு 400 அல்லது அதற்கு மேல் தேவைப்படும். ஒளியைப் பிரதிபலிக்காத மேட் பூச்சும் அங்கே அதே அளவுக்கு முக்கியம்.

தெளிவுத்திறன் கூடக் கூட இடமும் கூடும் என்று நினைப்பதும் தவறு. 14 அங்குலத்தில் 2880 × 1800 திரையை விண்டோஸின் ‘ஸ்கேல்’ அமைப்பில் 200 சதவீத அளவில், அதாவது எழுத்தும் ஐகான்களும் இரு மடங்கு பெரிதாகத் தெரியும்படி, வைத்தால், எழுத்து கூர்மையாகும். ஆனால் வேலை செய்யக் கிடைக்கும் பரப்பு 1440 × 900 அளவுக்கே இருக்கும். மாறாக, 1920 × 1080-ஐ விட 1920 × 1200 திரை உயரத்தில் 120 பிக்சல் அதிகம் தருகிறது. இரண்டையும் 100 சதவீத அளவில் வைத்தால், இயல்பான உயரமுள்ள எக்செல் வரிகள் ஆறு கூடுதலாகத் தெரியும். ஆவணங்களோடு வாழ்பவர்களுக்கு 16:10 விகிதம் தரும் இந்தப் பலனை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

இரண்டு லேப்டாப்களை நேரில் வைத்துப் பார்ப்பவர்களும் சோதனை முறையில் தவறிவிடுவதுண்டு. ஒன்று சார்ஜரிலும் மற்றது பேட்டரியிலும் இருந்தால் ஒப்பீடே செல்லாது. பேட்டரியில் ஓடும்போது இன்டெல், ஏஎம்டி இரண்டின் கிராபிக்ஸ் மென்பொருளிலும் உள்ள மின்சேமிப்பு வசதிகள் பின்னொளியைத் தாமாகக் குறைத்து, படத்தின் நிறத் தோற்றத்தையும் மாற்றக்கூடும். அவற்றையும், தானியங்கி வெளிச்சத்தையும், திரையை மஞ்சளாக்கும் ‘நைட் லைட்’ எனும் இரவு ஒளியையும் அணைத்துவிட்டு, நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் கோப்பையே இரண்டிலும் திறந்து பாருங்கள். கைபேசியில் எடுத்த படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கேமரா வெளிச்சத்தையும் நிறத்தையும் தன் போக்கில் திருத்திவிடும்.

பின்னொளி இல்லாமல் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி (OLED) என்றாலே மேல் என்பதும் அலுவலக வேலையைப் பொறுத்தவரை சரியல்ல. கருமையும் நிறமும் அதில் அருமையாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வெள்ளைப் பின்னணியில் வேர்டும் எக்செல்லும் நாள் முழுவதும் திறந்திருந்தால் அது மின்சாரத்தைக் கூடுதலாக இழுக்கும். டாஸ்க்பார் போல ஒரே இடத்தில் நிலையாக இருக்கும் பகுதிகளின் தடம் காலப்போக்கில் திரையில் பதியவும் வாய்ப்புண்டு. வெளிச்சத்தைக் குறைத்து வைக்கும்போது பல ஓஎல்இடி திரைகளில் ஏற்படும் நுண்ணிய மினுக்கம் சிலருக்குத் தலைவலியைத் தருகிறது. அத்தகைய உடல்வாகு உள்ளவர்கள் குறைந்த வெளிச்சத்தில் நெடுநேரம் படித்துப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

பக்கத்தில் இருப்பவர் பார்க்க முடியாதபடி மறைக்கும் தனியுரிமைத் திரைகளுக்கு, எச்பியின் ஷ்யூர் வியூ போன்றவற்றுக்கு, நிட்ஸ் எண் பெரிதாகவே அச்சிடப்பட்டிருக்கும். அந்த வசதியை இயக்கியதும் வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், அந்த எண்ணைச் சாதாரணத் திரையின் எண்ணோடு நேராக ஒப்பிடக் கூடாது. ரயிலிலும் விமான நிலையத்திலும் ரகசியக் கோப்புகளைத் திறக்க வேண்டியவருக்கு அது அவசியம். மேசையை விட்டு நகராதவருக்கு அதே பணத்தில் நல்ல சாதாரண ஐபிஎஸ் திரையே கண்ணுக்கு இதமாக இருக்கும்.