கேமராவை மாற்றுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு: படிப்படியான விளக்கம்

ஏபிஎஸ்-சி வகை (ஒளியைப் பதிவுசெய்யும் சென்சார் சிறியதாக உள்ள) டிஎஸ்எல்ஆர் ஒன்றையும் அதனுடன் வந்த 18-55 மி.மீ. லென்ஸையும் வைத்து நான்கு ஆண்டுகள் படம் எடுத்துவந்த நான், அரங்கத்துக்குள் எடுக்கும் படங்கள் தெளிவாக இல்லை என்ற மனக்குறையால் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் கொண்ட) பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, ஒன்றை வாங்கினேன். செலவழித்த பணத்துக்கு ஏற்ற மாற்றம் படங்களில் தெரியவில்லை. அதன்பிறகு ஒரு வார இறுதி முழுவதும் உட்கார்ந்து நான் போட்ட கணக்கைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். அபெர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ ஆகிய மூன்றும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: கெட்டுப்போன படங்களை எண்ணுங்கள்

கடந்த ஓராண்டில் எடுத்தவற்றில், நன்றாக வந்திருக்கக்கூடாதா என்று நீங்கள் வருந்திய 100 படங்களைத் தனிக் கோப்புறையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு நான் டிஜிகேம் என்ற இலவச மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். குவியத் தூரம் (லென்ஸில் 18, 55 மி.மீ. என்று குறிக்கும் எண்), ஐஎஸ்ஓ, ஷட்டர் வேகம் ஆகியவற்றை வைத்துப் படங்களைப் பிரித்துப் பார்க்க அது ஒன்றே போதும், கட்டண மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு படத்தையும் 100 விழுக்காடு அளவில் திறந்து, அது ஏன் கெட்டது என்பதை ஒரே சொல்லில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

நான் நெடுநாள் தடுமாறியது இந்த இடத்தில்தான். மங்கலாகத் தெரியும் படங்கள் எல்லாம் ஒரே காரணத்தால் மங்குவதில்லை. படத்தில் முன்னாலோ பின்னாலோ ஏதாவது ஒரு பொருள் கூர்மையாக இருந்தால், ஃபோகஸ் தவறிவிட்டது என்று பொருள். சுவரும் நாற்காலியும் கூர்மையாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால், ஷட்டர் வேகம் போதவில்லை. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. முதலாவதற்கு நல்ல ஃபோகஸ் அமைப்புள்ள பாடி உதவும். இரண்டாவதற்கு அதிக ஒளியை உள்ளே விடும் லென்ஸ் உதவும். மூன்றாவதற்கு அதிர்வுத் தடுப்போ முக்காலியோ போதும். மூன்றும் மூன்று வெவ்வேறு செலவுகள்.

என்னுடைய 100 படங்களில் ஆள் அசைந்து கெட்டவை 46, ஃபோகஸ் தவறியவை 21, நாய்ஸ் (படத்தில் மணல்போல் தெரியும் புள்ளிகள்) மட்டுமே குறையாக இருந்தவை 9. மீதி 24 படங்களில் ஒளியும் சரியில்லை, நான் நின்ற இடமும் சரியில்லை. எந்தக் கருவியாலும் அவற்றைக் காப்பாற்றியிருக்க முடியாது. அதாவது, எந்தக் குறைக்காகப் பெரிய சென்சார் வாங்கினேனோ, அந்தக் குறை 9 படங்களில் மட்டுமே இருந்தது.

படி 2: குறையை எண்ணாக மாற்றுங்கள்

அந்த 46 படங்களில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேடையில் ஆடும் ஒரு சிறுமி. பின்திரையின் மடிப்புகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிகின்றன. அவளுடைய வலக்கை மட்டும் விசிறிபோல் விரிந்து, விரல்கள் எங்கே முடிகின்றன என்றே தெரியாமல் கரைந்திருக்கிறது. படத்தின் விவரம்: 55 மி.மீ., எஃப்/5.6, 1/60 நொடி, ஐஎஸ்ஓ 1600. அந்தக் கை உறைந்து நிற்க ஏறத்தாழ 1/500 நொடி வேண்டும், அதாவது 8 மடங்கு ஒளி வேண்டும்.

இந்த 8 மடங்கு எங்கிருந்து வரும்? ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு 36 × 24, அதாவது 864 சதுர மி.மீ.; ஏபிஎஸ்-சி சென்சாரின் பரப்பு சுமார் 23.5 × 15.6, அதாவது 367 சதுர மி.மீ. ஆகவே பெரிய சென்சாரால் கிடைக்கும் ஆதாயம் சுமார் 2.35 மடங்கு. அதே எஃப்/5.6 லென்ஸைப் போட்டால், நாய்ஸ் கூடாமல் 1/60 நொடியிலிருந்து 1/125 நொடியைச் சற்றுத் தாண்டிப் போகலாம், அவ்வளவே. மாறாக, பழைய பாடியிலேயே எஃப்/1.8 லென்ஸ் ஒன்றை மாட்டினால், 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வருவதன் வர்க்கம், அதாவது ஏறத்தாழ 9.7 மடங்கு ஒளி உள்ளே வரும். கூர்மையாகத் தெரியும் பகுதியின் ஆழம் குறைவதால் முன்னும் பின்னுமாக நிற்கும் இருவரில் ஒருவர் மங்குவார் என்பது உண்மைதான், ஆனால் எஃப்/2.8-இல் வைத்தால்கூட 4 மடங்கு கிடைக்கும். ஒற்றைக் குவியத் தூரம் கொண்ட (ஜூம் இல்லாத) 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், பெரும்பாலான நிறுவனங்களின் வரிசையில் விலை குறைந்தவற்றுள் ஒன்று என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 3: முழுப் பட்டியலையும் எழுதுங்கள்

பாடியின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தது நான் செய்த பெரிய பிழை. ஏபிஎஸ்-சி சென்சாருக்கென்று செய்த லென்ஸ்களின் ஒளிவட்டம் (லென்ஸ் உள்ளே விழச்செய்யும் வட்டமான பிம்பம்) ஃபுல் ஃபிரேம் சென்சாரை முழுவதும் மூடாது. என் பழைய லென்ஸை மாட்டியதும் புதிய கேமரா தானாகவே நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்தது; 24 மெகாபிக்சல் சுமார் 10 மெகாபிக்சலாகச் சுருங்கிற்று. ஆகவே லென்ஸ்களையும் புதிதாக வாங்க நேர்ந்தது. லென்ஸின் முகப்பு பெரிதானதால் பழைய ஃபில்டர்கள் பொருந்தவில்லை; மின்கலமும் வேறு. பாடியின் விலையை 100 பங்கு என்று வைத்தால், என்னுடைய இறுதிச் செலவு 210 பங்கு.

கோப்பின் அளவையும் மறக்க வேண்டாம். அமுக்கப்படாத 14-பிட் ரா கோப்பு (சென்சார் பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு), 24 மெகாபிக்சலுக்கு ஏறத்தாழ 42 எம்பி. 45 மெகாபிக்சலுக்கு ஏறத்தாழ 79 எம்பி. மெமரி கார்டு, ஹார்டு டிஸ்க், கணினியின் வேகம் எல்லாமே அதற்கேற்ப உயர வேண்டியிருக்கும்.

படி 4: வகுத்துப் பாருங்கள்

முழுச் செலவிலிருந்து பழைய கருவிகளை விற்றால் கிடைக்கும் தொகையைக் கழியுங்கள். மீதியை, படி 1-இன்படி அந்தக் கருவி காப்பாற்றியிருக்கும் படங்களின் எண்ணிக்கையால் வகுங்கள். என் கணக்கில் லென்ஸ் மட்டும் வாங்கியிருந்தால் 46 படங்களில் பெரும்பாலானவை தப்பியிருக்கும், செலவு 15 பங்கு. பாடிக்குச் செலவழித்ததில் தப்பியிருக்கக்கூடியவை நாய்ஸால் கெட்ட 9 படங்களும், கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் அமைப்பால் மீண்டிருக்கும் 21 படங்களில் ஒரு பகுதியும்தான். உங்கள் பட்டியலில் பறவைகளோ விளையாட்டு வீரர்களோ நிறைந்திருந்து, ஃபோகஸ் தவறியவை பாதிக்கு மேல் இருந்தால், பாடியை மாற்றுவதே சரி. அதில் தயங்க வேண்டாம்.

படி 5: இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள்

வாங்க நினைக்கும் கருவியை வாடகைக்கு எடுத்து, படங்கள் கெட்ட அதே வகை இடத்தில் பயன்படுத்துங்கள். பழைய கேமரா வாங்குவதாக இருந்தால் ஷட்டர் எண்ணிக்கையை (ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்பதை) கேளுங்கள். எஃப்/16-இல் வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துச் சென்சாரில் தூசி இருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸின் பின்புறத்திலிருந்து டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தலைமுறை பழைய பாடியும் புதிய லென்ஸும் என்பதே என் விருப்பம், ஏனெனில் பாடியின் மதிப்பு லென்ஸின் மதிப்பைவிட விரைவாக இறங்குகிறது.

பின்சேர்க்கை 1: பெரிதாக அச்சிடுவதற்காக 45 மெகாபிக்சலுக்குப் போகலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஏ3 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிடச் சுமார் 17.4 மெகாபிக்சல் போதும். மேலும், 24-இலிருந்து 45-க்குப் போனால் அகலவாக்கில் கூடுவது ஏறத்தாழ 37 விழுக்காடுதான்.

பின்சேர்க்கை 2: அடாப்டர் (லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டும் இணைப்பு வளையம்) போட்டால் பழைய லென்ஸ்கள் வேலை செய்யுமே என்று மூவர் எழுதியிருந்தனர். பல லென்ஸ்கள் வேலை செய்யும், ஆனால் எல்லாமும் அல்ல. கேனான் 1987-இல் கொண்டுவந்த இஎஃப் லென்ஸ்கள், 2018-இல் வந்த ஆர்எஃப் மவுண்டில் (லென்ஸ் மாட்டும் வாயில்) அடாப்டர் வழியாகத் தானியங்கி ஃபோகஸுடன் இயங்குகின்றன. ஆனால் கேனானின் சிறிய மிரர்லெஸ் கேமராக்களுக்கான இஎஃப்-எம் லென்ஸ்களுக்கு அந்த வழி இல்லை. பழைய லென்ஸ்களை இசட் வகை கேமராக்களில் மாட்ட உதவும் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டருக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது என்பதால், பாடியிலுள்ள திருகால் சுழலும் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஆகவே படி 3-இல் பட்டியல் எழுதும்போது, உங்களிடமுள்ள ஒவ்வொரு லென்ஸுக்கும் எதிரே, அதன் மோட்டார் எங்கே இருக்கிறது என்பதையும் ஒரு கட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.