படம் போனதும் டிஷ்ஷைத் திருப்பாதீர்கள்

மழை வலுத்ததும் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடையும், அப்புறம் 'சிக்னல் இல்லை' என்று வரும். உடனே வீட்டில் யாராவது மாடிக்கு ஓடி டிஷ்ஷை அசைப்பார்கள். பல வீடுகளில் நிஜமான கோளாறு அப்போதுதான் தொடங்குகிறது.

தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷின் சேனல்களை அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 2015 நவம்பரில் ஏவப்பட்டது. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் நம் பார்வைக்கு அது அசையாமல் நிற்கும். டிஷ் ஒரு டிகிரி பிசகினால், அவ்வளவு உயரத்தில் குறி 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். கனமழை, இந்தச் சேனல்கள் வரும் கேயு பேண்ட் (Ku) என்ற நுண்ணலைகளை உறிஞ்சிச் சிதறடிக்கும். மழை குறைந்தால் படம் தானாக வரும். காத்திருங்கள். இடி மின்னலில் இரும்புக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது உயிருக்கே ஆபத்து.

அடுத்த தவறு மரம். சென்னையில் இந்தச் சிக்னல் தென்கிழக்கிலிருந்து, தொடுவானத்துக்கு ஏறக்குறைய 68 டிகிரி மேலேயிருந்து இறங்குகிறது. ஆனால் டிஷ்ஷின் முகம் அதைவிட நன்றாகத் தாழ்ந்து பார்ப்பதுபோல் இருக்கும். டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிக்னலை வாங்கும் எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பதற்கேற்ப டிஷ்ஷை வடிவமைத்திருக்கிறார்கள். அதனால் 'எதிரே ஒன்றும் மறைக்கவில்லையே' என்று நினைத்து ஏமாந்துவிடுகிறோம். எங்கள் வீட்டில் காற்றடித்தால் மட்டும் படம் உடைந்தது. கேபிளை மாற்றினோம், பாக்ஸை மாற்றினோம், சரியாகவில்லை. செப்டம்பர் கடைசியில் ஒருநாள், காலை 11 மணி வாக்கில் மாடியில் துணி உலர்த்தும்போது பார்க்கிறேன், பக்கத்து வீட்டுத் தென்னையின் ஒரே ஒரு மட்டையின் நிழல் டிஷ்மேல் ஆடிக்கொண்டிருக்கிறது.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், கிட்டத்தட்ட அந்த நேரத்தில், சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வரும். அப்போது சில நிமிடம் படம் போவது இயல்பு. அந்த வேளையில் டிஷ்மேல் எதன் நிழல் விழுகிறதோ, அதுதான் சிக்னலை மறைக்கிறது. இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

டிஷ்ஷைத் திருப்பியே ஆக வேண்டும் என்றால், முதலில் கம்பம் நேராக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பாக்ஸின் சிக்னல் மெனுவைத் திறந்தால் டிவி திரையில் இரண்டு பட்டைகள் தெரியும். பலரும் 'ஸ்ட்ரெங்த்' ஏறியதுமே போல்ட்டை முறுக்கிவிடுகிறார்கள். வேறொரு செயற்கைக்கோளைப் பார்த்தாலும் அது ஏறும். பார்க்க வேண்டியது 'குவாலிட்டி'. மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஓரிரு விநாடி பொறுத்து, அது உச்சம் தொட்டதும் முறுக்குங்கள்.

கேபிளை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி ஒட்டுப்போடாதீர்கள். ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

இரண்டு டிவிக்குக் கேபிள் டிவி ஸ்ப்ளிட்டர் போடுவதும் வீண் வேலை. பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பினால் எல்.என்.பி. ஒருவகை அலையையும், 18 வோல்ட் அனுப்பினால் இன்னொரு வகையையும் எடுக்கும். இரண்டு பாக்ஸும் ஒரே எல்.என்.பி.க்கு மாறி மாறி ஆணையிட்டால், ஒரு அறையில் சில சேனல்கள் காணாமல் போகலாம். இரண்டு வாய் உள்ள எல்.என்.பி. வாங்கி, தனித்தனி கேபிள் இழுங்கள்.

இதே டிஷ்ஷில் இணையமும் வருமா என்று கேட்பவர்கள் உண்டு. வராது. இது வாங்கிக்கொள்ள மட்டுமே தெரிந்த கருவி. இணையத்துக்குத் திருப்பி அனுப்பவும் வேண்டும். 2024 நவம்பரில் ஏவிய ஜிசாட்-என்2 போன்றவை பிராட்பேண்டுக்கானவை. ஆனால் அத்தனை உயரத்துக்குப் போய், இறங்கி, பதிலும் வந்து சேர ஏறக்குறைய அரை விநாடி ஆகிவிடும். வேகம் எத்தனை எம்பிபிஎஸ் என்று மட்டும் கேட்டு வாங்கினால் வீடியோ காலில் ஒருவர் பேச்சின்மேல் இன்னொருவர் பேச்சு ஏறும். சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றும் ஸ்டார்லிங்க் வகைச் செயற்கைக்கோள் இணையத்தில் இந்தத் தாமதம் வெகு குறைவு. அதற்கு இடம் பார்க்கும்போது டிவி டிஷ் போல ஒரு மூலை வானம் போதும் என்று நினைக்காதீர்கள். அந்தச் செயற்கைக்கோள்கள் ஓடிக்கொண்டே இருப்பவை. வானம் நன்றாக விரிந்து திறந்திருக்க வேண்டும்.