தீவோரத்தில் இரவு தங்க நங்கூரம் பாய்ச்சுவது எப்படி

பாய்மரப் படகில் குடும்பத்தோடு தீவு தீவாகப் போக ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பாய் விரிப்பதைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். நான் முதலில் சொல்லிக்கொடுப்பது நங்கூரம். படகிலேயே வாழும் குடும்பம் கடலில் ஓடும் நேரம் கொஞ்சம்தான், ஏதாவதொரு தீவின் ஓரத்தில் நிற்கும் நேரம்தான் அதிகம், சமையல், பிள்ளைகளின் பாடம், குளியல், தூக்கம் எல்லாம் அங்கேதான். நங்கூரம் பிடித்திருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால்தான் தூக்கம் வரும்.

1. வெளிச்சத்திலேயே வந்து சேருங்கள்

வெப்பமண்டலத்தில் சூரியன் செங்குத்தாக இறங்கும், மறைந்த அரை மணிக்குள் கும்மிருட்டு. பவளப்பாறை உள்ள இடம் என்றால் அதற்கும் வெகுநேரம் முன்பே, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3 மணிக்குள் நுழைந்துவிடுவது நல்லது. சூரியன் தலைக்கு மேலேயோ முதுகுப் பக்கமோ இருக்க வேண்டும். முகத்துக்கு நேரே இருந்தால் தண்ணீர் தகடு மாதிரி மின்னும், அடியில் என்ன இருக்கிறதென்றே தெரியாது. எங்கள் படகில் அடியைப் பார்த்துச் சொல்லும் வேலை மூத்த மகளுக்கு. லைஃப் ஜாக்கெட் மாட்டி, தண்ணீரின் மினுமினுப்பைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி போட்டு, முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கருநீலம் ஆழம், வெளிர் பச்சை மணல், பழுப்பும் மஞ்சளும் மேலே நெருங்கி நிற்கும் பாறை. கரும் திட்டு கடற்புல்லாகவும் இருக்கலாம், பாறையாகவும் இருக்கலாம், இரண்டுமே வேண்டாம்.

2. இடம்

வெப்பமண்டலக் கடல்களில் நிலையாக வீசும் வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து வருவதால் தீவின் மேற்குப் பக்கம்தான் பொதுவாக அமைதியாக இருக்கும். கரீபியனின் சிறு அண்டிலிஸ் தீவுகளில் படகுகள் அதிகம் நிற்பதும் மேற்குக் கரையில்தான். அடியில் மணல் இருக்கும் இடமாகப் பாருங்கள். பவளத்தின் மேல் நங்கூரத்தைப் போடவே போடாதீர்கள். படகு சுழலச் சுழலச் சங்கிலி தரையைத் துடைத்துக்கொண்டே போகும், பல ஆண்டு வளர்ந்த பவளம் ஒரே இரவில் நொறுங்கிவிடும். படகுகளைக் கட்ட மிதவை போட்டுவைத்திருக்கும் இடத்தில் அதற்குப் பணம் கேட்டாலும் கொடுத்துவிட்டு மிதவையிலேயே கட்டுங்கள்.

பக்கத்தில் வேறு படகுகள் நின்றால் எவ்வளவு சங்கிலி விட்டிருக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். காற்று திரும்பினால் எல்லாப் படகுகளும் சுழலும், ஆனால் ஒரே மாதிரி சுழலாது.

3. சங்கிலிக் கணக்கு

நங்கூரம் தன் எடையால் மட்டும் படகைப் பிடிப்பதில்லை. தரையோடு தரையாகக் கிடைமட்டமாக இழுபடும்போதுதான் மணலைக் குத்திக்கொண்டு உள்ளே போகும், மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொள்ளும். அதனால்தான் சங்கிலி நீளமாக வேண்டும்.

தண்ணீர் ஆழம் 6 மீட்டர், தண்ணீரிலிருந்து படகின் முன்முனை 1 மீட்டர் உயரம், ஓதம் (கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம்) இன்னும் 1 மீட்டர் ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 8. முழுக்கச் சங்கிலி என்றால் இதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 40 மீட்டர். காற்று பலமாக இருந்தாலோ, சங்கிலிக்குப் பின்னால் கயிறு சேர்த்திருந்தாலோ ஏழு மடங்கு, 56 மீட்டர். ஓதத்தை மட்டும் அட்டவணை பார்க்காமல் ஊகிக்காதீர்கள்: பசிபிக் தீவான தாகித்தியில் அது ஏறி இறங்குவது ஓர் அடி அளவுதான், ஆஸ்திரேலியாவின் டார்வினில் 7 மீட்டரையும் தாண்டும்.

சங்கிலியில் 10 மீட்டருக்கு ஒரு நிறம் என்று பெயின்ட் அடித்து வையுங்கள். எண்ணும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் தவறவே மாட்டார்கள்.

4. பாய்ச்சுதல்

காற்றுக்கு எதிராக மெதுவாகப் போங்கள். நினைத்த இடத்தில் படகு முழுக்க நின்று, லேசாகப் பின்னால் நகரத் தொடங்கும்போது நங்கூரத்தை இறக்குங்கள். தரை தொட்டதும் படகு பின்னால் போகிற வேகத்துக்குச் சங்கிலியை விட்டுக்கொண்டே வாருங்கள், மொத்தமாகக் கொட்டினால் ஒரே குவியலாகி நங்கூரத்திலேயே சிக்கும். முன்னால் நிற்பவரும் சுக்கான் பிடிப்பவரும் கத்திப் பேசிக்கொள்ள வேண்டாம், இஞ்சின் சத்தத்தில் கேட்காது, பிள்ளைகளுக்குச் சண்டை மாதிரித் தெரியும். கை சைகைகளை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

5. பிடித்திருக்கிறதா?

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இஞ்சினை ரிவர்ஸில் போட்டு முதலில் மெல்ல, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி அரை நிமிடம் இழுங்கள். கரையில் ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு பாறையையும் நேர்கோட்டில் வைத்துப் பாருங்கள்; இரண்டும் விலகாமல் இருந்தால் படகு நகரவில்லை. சங்கிலியின் மேல் உள்ளங்கையை வையுங்கள். பிடித்த நங்கூரத்தின் சங்கிலி கம்பி மாதிரி விறைத்து அசையாமல் இருக்கும். தரையில் உரசிக்கொண்டு வந்தால் தடதடவென்று ஓர் அதிர்வு கைக்கு ஏறும். அப்படி வந்தால் தூக்கிவிட்டு மறுபடி போடுங்கள், மூன்று தடவை ஆனாலும் சரி.

இஞ்சினை நிறுத்தியபின் முகமூடி மாட்டி நீந்திப்போய்ப் பாருங்கள். நன்றாகப் பிடித்த நங்கூரத்தில் முனை தெரியாது, மணலில் புதைந்து தண்டு மட்டும் சாய்ந்து நிற்கும், அது உழுதுகொண்டு வந்த தடம் பின்னால் நீளமாகக் கிடக்கும். அந்தத் தடத்தைப் பார்த்தபின் எனக்கு வரும் நிம்மதியை வேறு எந்தக் கருவியும் கொடுத்ததில்லை.

6. இரவுக்கு

சங்கிலியில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையைப் படகில் இறுக்குங்கள். கயிறு நீண்டு கொடுப்பதால் அலையின் வெட்டு குறையும், சங்கிலியைச் சுற்றி இழுக்கும் உருளைக்கும் பாரம் ஏறாது. பாய்மர உச்சியில் எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு எரிய வேண்டும். கரைக்குப் போய்வரும் சிறு படகைத் தூக்கிக் கட்டிவிடுங்கள். படகு இடம் விலகினால் அடிக்கும் ஜிபிஎஸ் நங்கூர அலாரத்தில் மையப்புள்ளியாக நங்கூரம் விழுந்த இடத்தைக் குறியுங்கள், படகு நிற்கும் இடத்தை அல்ல.

முதல் வருடத்தில் ஒருநாள் சாயங்காலக் களைப்பில் 8 மீட்டர் ஆழத்துக்கு 25 மீட்டர் சங்கிலியோடு விட்டுவிட்டோம். நடுராத்திரி மழையோடு திடீர்க் காற்று, திசையும் மாறிவிட்டது, பக்கத்துப் படகுக்காரர் ஹார்ன் அடித்துத்தான் எழுந்தோம், அதற்குள் பாறை வெகு அருகில். அன்றிலிருந்து அலாரம் அடித்தால் யார் என்ன செய்வது என்று படுக்கும் முன் ஒருமுறை சொல்லிக்கொள்கிறோம். சாவி இஞ்சினிலேயே இருக்கும், என் கணவர் சுக்கானுக்கு, நான் டார்ச்சோடு முன்பக்கம், பெரியவள் தம்பிக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி உள்ளேயே உட்கார வைப்பாள்.