சென்னை–சிங்கப்பூர் லிங்க்: லேட்டன்சியையும் பாக்கெட் லாஸையும் கண்காணிப்பது எப்படி?

"நெட் ஸ்லோ" என்று புகார் வந்ததும் பலர் முதலில் ஓட்டுவது ஸ்பீட் டெஸ்ட். குழாய் எவ்வளவு அகலம் என்பதைத்தான் அது சொல்லும். வீடியோ கால் உடைவதும், ரிமோட் டெஸ்க்டாப்பில் அடித்த எழுத்து நிதானமாக வந்து விழுவதும் லேட்டன்சி (தரவு போய்த் திரும்ப ஆகும் தாமதம்), பாக்கெட் லாஸ் (பாக்கெட் எனும் தரவுத் துண்டுகள் வழியில் தொலைவது) செய்கிற வேலை. சென்னை அலுவலகம் சிங்கப்பூரில் உள்ள சர்வரோடு பேசுகிறது என்று வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படி 1: நியாயமான தாமதம் எவ்வளவு?

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2,00,000 கி.மீ. போகும். போய்த் திரும்புவதற்கு 100 கி.மீ.க்கு 1 மில்லிசெகண்ட் என்று மனக்கணக்காகவே போடலாம். 2002இல் வந்த ஐ2ஐ கடலடிக் கேபிள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 3,200 கி.மீ. ஓடுகிறது. ஆக, 32 மி.செ. அடிப்படைச் செலவு, அதில் பேரம் பேச முடியாது. உங்கள் பிங் (ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பி, பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை) 40 மி.செ.ஐ ஒட்டி இருந்தால் லிங்க் நன்றாக இருக்கிறது. நாள் முழுக்க 100க்கு மேலேயே நின்றால், பாக்கெட் வேறு ஊரைச் சுற்றிப் போகிறதா என்று சந்தேகப்படுங்கள்.

படி 2: மூன்று இடங்களைச் சேர்த்து அளந்து பாருங்கள்

உங்கள் ரவுட்டர், சேவை நிறுவனத்தின் முதல் ஹாப் (ஹாப் என்பது பாக்கெட் கடந்துபோகும் ஒவ்வொரு ரவுட்டர்; அந்த வரிசையைக் காட்டும் ட்ரேஸ்ரூட் கட்டளையை ஓட்டினால் தெரியும்), சிங்கப்பூர் சர்வர். மூன்றுக்கும் ஒரே நேரத்தில் பிங் ஓடட்டும். ரவுட்டருக்கே பாக்கெட் தொலைகிறது என்றால் கடலடிக் கேபிளைத் திட்டிப் பயனில்லை. அளக்கும் கணினியை ஈதர்நெட் கேபிளில் செருகுங்கள். வைஃபையில் அளந்தால் வைஃபையின் கோளாறையும் சேர்த்தே அளப்பீர்கள்.

படி 3: நான்கு பிங் போதாது

விண்டோஸ் சும்மா விட்டால் நான்கே பாக்கெட் அனுப்பும். லிங்கில் உண்மையாகவே 1% லாஸ் இருக்கும்போது 100 பிங் அனுப்பினால்கூட, ஒன்றும் தொலையாமல் திரும்பிவர 37% வாய்ப்பு உண்டு. 500 அனுப்பினால் அந்த வாய்ப்பு 1%க்கும் கீழே போய்விடும். லினக்ஸில் பிங் கட்டளையோடு மைனஸ் சி 500 (எண்ணிக்கை), மைனஸ் ஐ 0.2 (நொடி இடைவெளி) என்று கொடுத்தால் 100 நொடியில் முடிந்துவிடும். விண்டோஸில் மைனஸ் என் 500.

1% என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். பழைய வகை டிசிபி (டவுன்லோடு போன்றவற்றுக்குத் தரவை அனுப்பும் நெறிமுறை) ஒவ்வொரு பாக்கெட் தொலையும்போதும் வேகத்தைப் பாதியாக்கிவிட்டு மெல்ல ஏறும். 40 மி.செ. லேட்டன்சி, 1% லாஸ் என்றால் ஒரு டவுன்லோடுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 3.5 எம்பிபிஎஸ்தான், வாங்கியிருக்கும் லைன் 100 எம்பிபிஎஸ் ஆனாலும்.

படி 4: எம்டிஆரைச் சரியாகப் படியுங்கள்

ட்ரேஸ்ரூட்டையும் பிங்கையும் சேர்த்துச் செய்யும் எம்டிஆர் என்ற கருவி (விண்டோஸில் வின்எம்டிஆர்) ஒவ்வொரு ஹாப்பிலும் லாஸைக் காட்டும். புதிதாக வருகிறவர்கள் தவறுவது இங்கேதான். இப்படி ஒரு முடிவு வருகிறது என்று வையுங்கள்:

ஹாப் 4: 0%
ஹாப் 5: 60%
ஹாப் 6: 0%
ஹாப் 9 (சர்வர்): 0%

ஐந்தாவது ஹாப்பில் ஒரு கோளாறும் இல்லை. அந்த ரவுட்டர் பாக்கெட்டுகளை ஒழுங்காகக் கடத்திவிடுகிறது. தன்னிடம் கேட்கும் பிங்குக்குப் பதில் சொல்வதை மட்டும் குறைத்துக்கொள்கிறது. ஒரு ஹாப்பில் தொடங்கிய லாஸ் கடைசி ஹாப் வரை வந்தால்தான் அது நிஜம். திரும்பி வரும் வழி வேறாக இருக்கலாம் என்பதால், முடிந்தால் சிங்கப்பூர் பக்கத்திலிருந்தும் ஒன்று ஓட்டுங்கள்.

படி 5: ஸ்மோக்பிங் வையுங்கள்

ஸ்மோக்பிங் விடாமல் பிங் செய்து முடிவை வரைபடமாகக் காட்டும் மென்பொருள். எப்போதும் ஓடும் ஒரு லினக்ஸ் கணினி போதும், ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி கூட. எஃப்பிங்கையும் (ஸ்மோக்பிங்குக்காகப் பிங் அனுப்பும் நிரல்) ஸ்மோக்பிங்கையும் நிறுவி, டார்கெட்ஸ் கோப்பில் படி 2இன் மூன்று முகவரிகளை எழுதுங்கள். இயல்பாக 300 நொடிக்கு ஒருமுறை 20 பிங் போகும். ஒரு முகவரிக்கு ஒரு நாளைக்கு 5,760. கோடு பச்சை என்றால் லாஸ் இல்லை. நீலம், ஊதா, சிவப்பு என்று போகப்போக லாஸ் அதிகம். கோட்டைச் சுற்றியுள்ள சாம்பல் புகை தடித்தால் ஜிட்டர், அதாவது தாமதம் நிலையாக இல்லாமல் ஏறி இறங்குவது.

ஒரு வாரம் ஓடவிட்டுப் பாருங்கள். லேட்டன்சி தினமும் இரவு 8 மணிக்கு ஏறி 11க்கு இறங்கினால் நெரிசல். லேட்டன்சி ஏறாமல் லாஸ் மட்டும் பகலிரவு ஒரே அளவில் இருந்தால் கனெக்டர், மடங்கிய ஃபைபர், டூப்ளெக்ஸ் பொருந்தாமை (கேபிளின் ஒரு முனை ஒரே நேரத்தில் அனுப்பிப் பெறும்போது மறுமுனை மாறிமாறிச் செய்வது) ஆகியவற்றைத் தேடுங்கள். லேட்டன்சி திடீரென்று படிபோல் ஏறி அங்கேயே நின்றால் ரூட் (பாக்கெட் போகும் வழி) மாறியிருக்கிறது.

அப்லோடு நடக்கும்போது மட்டும் லேட்டன்சி எகிறினால் குற்றவாளி பஃபர், அதாவது பாக்கெட்டுகள் வரிசையில் காத்திருக்கும் நினைவகம். மோடத்தில் 1 மெகாபைட் பஃபர், அப்லோடு 10 எம்பிபிஎஸ் என்றால், அது நிரம்பியபின் வரும் பாக்கெட் 0.8 நொடி வரிசையில் நிற்க வேண்டும். ரவுட்டரில் எஸ்க்யூஎம் (இந்த வரிசையை நீளவிடாமல் நிர்வகிக்கும் வசதி) இருந்தால் இயக்கி, வேகத்தை லைனின் 90%இல் கட்டுங்கள். வரிசை மோடத்தை விட்டு உங்கள் கட்டுப்பாட்டுக்கு வந்துவிடும்.

படி 6: புகார் கொடுக்கும்போது

"ஸ்லோவாக இருக்கு" என்று எழுதினால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்கள். இரு முனை எம்டிஆர், 500 பிங் முடிவு, ஸ்மோக்பிங் படம், இந்திய நேரப்படி தொடங்கிய மணி ஆகிய நான்கையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். உங்கள் ரவுட்டர் வரை 0% என்று காட்டும் படத்தை முதலில் வையுங்கள். அவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.