பியாச்சேரே: இத்தாலியத்தில் 'பிடிக்கும்' என்று சொல்வது எப்படி

இத்தாலியத்தை ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் அதிகம் தடுமாறும் வினை பியாச்சேரே. ஆங்கிலத்தில் 'நான்' எழுவாய், பிடித்த பொருள் செயப்படுபொருள். அதே அச்சில் வார்த்து 'இயோ பியாச்சோ லா பீட்ஸா' என்று சொல்லிவிடுகிறார்கள். இது தவறு. சரியான வாக்கியம் 'மி பியாச்செ லா பீட்ஸா'. இதில் 'மி' என்றால் 'எனக்கு'. தமிழில் யோசித்தால் பாதி வேலை முடிந்தது: எனக்குப் பீட்ஸா பிடிக்கும்.

முதலில் யாருக்கு என்பதை வையுங்கள். எனக்கு மி, உனக்கு தி, அவனுக்கு ல்யி, அவளுக்கு லே, நமக்கு ச்சி, உங்களுக்கு வி, அவர்களுக்கு மறுபடியும் ல்யி. பெயரைச் சொல்வதானால் முன்னால் 'ஆ' கட்டாயம்: 'ஆ மார்க்கோ பியாச்செ இல் மாரே', அதாவது மார்க்கோவுக்குக் கடல் பிடிக்கும். இந்த 'ஆ' நம் நான்காம் வேற்றுமை 'கு' மாதிரி. அதை விட்டால் வாக்கியம் நிற்காது.

அடுத்து, பிடித்த பொருளைப் பாருங்கள், ஆளை அல்ல. பொருள் ஒன்றென்றால் பியாச்செ, பலவென்றால் பியாச்சொனோ: 'மி பியாச்செ இல் லிப்ரோ' (புத்தகம் பிடிக்கும்), 'மி பியாச்சொனோ இ லிப்ரி' (புத்தகங்கள் பிடிக்கும்). பின்னால் வருவது ஒரு செயல் என்றால், எத்தனை செயல்களை அடுக்கினாலும் ஒருமைதான்: 'மி பியாச்செ லெஜ்ஜெரே எ ஸ்க்ரீவெரே' (படிக்கவும் எழுதவும் பிடிக்கும்).

தமிழ் கைவிடும் இடம் ஒன்று உண்டு. 'எனக்கு உன்னைப் பிடிக்கும்' என்பதில் 'உன்னை' இரண்டாம் வேற்றுமை, வினையும் மாறுவதில்லை. இத்தாலியத்தில் பிடித்த ஆளே எழுவாய் என்பதால் வினை அவரைப் பின்தொடரும். 'மி பியாச்சி' என்றால் எனக்கு உன்னைப் பிடிக்கும். 'தி பியாச்சோ' என்றால் உனக்கு என்னைப் பிடிக்கும். இதை வாய்விட்டுப் பத்து முறை சொல்லிப் பழகுவது நல்லது.

இறந்தகாலத்தில் துணைவினை எஸ்ஸெரே (இரு), அவேரே (கொண்டிரு) அல்ல. வினையெச்சம் போல் வரும் சொல்லின் ஈறு பொருளின் பாலுக்கும் எண்ணுக்கும் இணங்கும்: 'மி எ பியாச்சூத்தோ இல் ஃபில்ம்' (படம், ஆண்பால் ஒருமை), 'மி எ பியாச்சூத்தா லா காசா' (வீடு, பெண்பால் ஒருமை), 'மி சோனோ பியாச்சூத்தி இ லிப்ரி' (புத்தகங்கள், ஆண்பால் பன்மை), 'மி சோனோ பியாச்சூத்தே லே ஸ்கார்பே' (காலணிகள், பெண்பால் பன்மை). சொல்பவர் ஆணா பெண்ணா என்பது இங்கே கணக்கில் இல்லை.

ஒருவர் 'மி பியாச்செ' என்றதும் 'எனக்கும்' என்று சொல்ல 'அன்க்கே ஆ மே'. 'அன்க்கீயோ' என்றால் 'நானும்' என்றாகிவிடும், இங்கே பொருந்தாது. அவர் பிடிக்காது என்றிருந்தால் 'நேஆன்க்கே ஆ மே'. 'மி திஸ்பியாச்செ' என்பதோ பிடிக்கவில்லை என்பதல்ல, 'வருந்துகிறேன்' என்பது. பிடிக்காததற்கு 'நோன் மி பியாச்செ'.

செர்வீரே (தேவைப்படு), பஸ்தாரே (போதுமாயிரு), மன்க்காரே (இல்லாதிரு) ஆகியவையும் இதே தடத்தில் ஓடும். மூன்றாவதில் கவனம். உன் பிரிவு என்னை வாட்டுகிறது என்பதற்கு 'மி மன்க்கி'. ஆங்கில வழக்கில் 'தி மன்க்கோ' என்று சொன்னால், என் பிரிவு உன்னை வாட்டுகிறது என்று பொருள் திரும்பிவிடும்.