மாசியில் எரிப்பதும் ஆடியில் தேடுவதும்: மாட்டுத் தீனியில் நாங்கள் விடும் பிழைகள்

ஐப்பசி மழை விழுந்தால் வன்னியில் வேலியோரம், குளத்து அலைகரை, றோட்டுக்கரை எங்கும் புல்லுத்தான். மாசி, பங்குனியில் அரிவிவெட்டு முடிய வயல் முழுக்க வைக்கோல். பிறகு சோளகம் அடிக்கத் தொடங்கி ஆனி, ஆடியில் குளங்கள் வற்றும்போது, அதே வயற்காரர் லாண்ட்மாஸ்டரைப் பிடித்துக்கொண்டு வைக்கோல் கேட்டு ஊர் ஊராகத் திரிவார். எங்கள் பக்கத் தீனிப் பஞ்சத்தில் பாதிக்கு மேல், எந்த மாதத்தில் எதைச் செய்வது என்ற கணக்கில் விட்ட பிழை.

முதற்பிழை, மாட்டைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் புல்லு நடுவது. கோ-3 என்ற தீனிப்புல்லை நட்டு முதல் வெட்டுக்கு வர இரண்டரை, மூன்று மாதம் பிடிக்கும். ஐப்பசியில் நட்டால் தையில் மாடு வாங்கலாம். பசு ஒன்று தன் நிறையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு பச்சைப்புல் ஒரு நாளைக்குத் தின்னும். 350 கிலோ நிறையுள்ள ஜேர்சிக் கலப்புப் பசுவென்றால் 35 கிலோ. வரம்பில் அரிந்து சைக்கிளில் கட்டி வருகிற புல்லுக்கட்டை ஒருநாள் தராசில் போட்டுப் பாருங்கள், எவ்வளவு குறைகிறதென்று தெரியும். பட்டியில் நின்று காடு மேய்ந்து வந்த நாட்டு மாடு இதையெல்லாம் எங்களிடம் கேட்டதில்லை. அது தந்த பாலும் அவ்வளவுதான்.

அடுத்தது வைக்கோலை எரிப்பது. எனக்கு வயிறு எரிகிற இடம் இது. ஒரு ஏக்கரில் எவ்வளவு நெல் வருகிறதோ, கிட்டத்தட்ட அதேயளவு வைக்கோலும் உண்டு. வெட்டு மெசின் பரப்பிவிட்டுப் போவதால் கூட்டி எடுப்பது கரைச்சல் என்று நெருப்பு வைத்துவிடுகிறோம். மாடு ஒன்றுக்கு நாளுக்கு 6 கிலோப்படி நாலு மாதத்துக்குக் கணக்குப் பார்த்தால் 720 கிலோ. ஒரு ஏக்கர் வைக்கோலைக் காயவைத்து, மழை படாமல் போராக அடுக்கி வைத்தால் ஒரு மாட்டின் கோடை கடந்துவிடும்.

ஆனால் வெறும் வைக்கோலை மட்டும் போட்டுவிட்டுப் பால் எங்கே என்று கேட்கக்கூடாது. அதில் புரதம் 4 வீதத்தைத் தாண்டுவது அரிது. இரைப்பைக்குள் நார்ச்சத்தைச் செமிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கே 7 வீதமளவு வேண்டும். இதற்குத்தான் யூரியா. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தறப்பாளால் மூடி 10 நாள் விடவேண்டும். கொடுக்க முன் கொஞ்ச நேரம் காற்றாட விரித்து, நெடி போனபின் கொடுங்கள். அளவைக் கூட்டினால் சத்தும் கூடும் என்று நினைப்பது ஆபத்து, யூரியா மிஞ்சினால் மாடு சாகும். கரைத்த வாளியில் மாடு வாய் வைக்க விடாதீர்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு இது வேண்டாம். ஒருமுறை எலி கடித்த ஓட்டையைக் கவனிக்காமல் தறப்பாளை மூடிவிட்டேன். பத்தாம் நாள் திறந்தால் ஒரு மூலை கறுத்துப் பூஞ்சணம். மாடு மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. என்னைவிட அதற்கு விவரம்.

வைக்கோலைப் போலத்தான் கச்சான் கொடியும். காயைப் பிடுங்கிவிட்டுக் காணி மூலையில் குவித்து உக்க விடுகிறோம். வைக்கோலைவிடப் புரதம் கூடிய தீனி அது. மருந்தடித்துக் கிட்டடியில் பிடுங்கியதாக இல்லாவிட்டால், நிழலில் காயவைத்துக் கட்டி வைக்கலாம்.

கோ-3 வளர்ப்பவர்கள் விடும் பிழை வேறு. ஆள் மறையுமளவு வளரவிட்டுப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முற்றிய புல் கண்ணுக்கு நிறைவு, மாட்டுக்குக் குறைவு. முதல் வெட்டுக்குப் பிறகு 45 நாளுக்கொரு தரம் வெட்டவேண்டும். முழுத்தண்டாகப் போட்டால் இலையை உருவித் தின்றுவிட்டு மிச்சத்தை மிதிக்கும். இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் துண்டாக நறுக்கிப் போடுங்கள். மழைக்காலத்தில் மிஞ்சுவதை வாடவிட்டு நறுக்கி, பிளாஸ்ரிக் பீப்பாயில் காற்றுப் போக இறுக்கி அடைத்து மூடினால் ஒன்றரை மாதத்தில் ஊறுபுல், அதாவது புளிக்கவைத்துச் சேமித்த தீனி. நெருக்கி மிதிக்காவிட்டால் அழுகல்தான் கிடைக்கும்.

இறுங்கு பயிரிட்டிருந்தால் இளம் பயிரையும், வெயிலில் வாடி நிற்பதையும் மாடு கடிக்க விடாதீர்கள். அதில் சயனைட்டு நஞ்சு உண்டு. பூக்கும்வரை பொறுத்து வெட்டலாம்.

புண்ணாக்குக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புல்லுக்குப் பதிலாக அதைக் கூட்டினால் பாலின் கொழுப்பு இறங்கி, பால் கொள்முதல் செய்யும் இடத்தில் விலையும் குறையும். மலிவென்று பூஞ்சணம் பிடித்ததை வாங்கினால் அந்த நஞ்சு பாலுக்குள்ளும் வரும். தண்ணீர் காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி என்பது கறவைக்குக் காணாது. எந்நேரமும் தொட்டியில் நிற்கவேண்டும்.

கடைசியாக வேலி. கிளிசரியா என்று நாங்கள் சொல்கிற சீமைக்கிளுவை எல்லார் வேலியிலும் நிற்கிறது. அதன் இலையில் புரதம் 20 வீதத்துக்கு மேல். வெட்டாமல் விட்டால் தை, மாசியில் பூத்து இலையைக் கொட்டிவிடும். கார்த்திகை, மார்கழியில் கிளையை வெட்டிவிட்டால் புதுத் துளிர் நிற்கும். மணம் பிடிக்காமல் மாடு முதலில் ஒதுக்கும். ஓரிரவு வாடவைத்து, நறுக்கிய புல்லோடு ஒரு பிடியாகக் கலந்து பழக்கி, தீனியில் மூன்றிலொரு பங்குக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.