தஞ்சைப் பெரிய கோயிலை முதன்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

பெரிய கோயிலுக்கு வருகிறவர்களில் பலர் பெருவுடையாரைத் தரிசித்து, நந்தி முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. ராஜராஜ சோழன் 1010-இல் கட்டி முடித்த இந்தக் கோயில், தன் கதையைத் தன் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறது. நிதானமாகப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன்.

முதலில் நேரம். காலை 6 மணிக்கு நடை திறந்ததும் போய்விடுங்கள். பழைய பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். நண்பகலில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். வெயில் ஏறிவிட்டால் கருங்கல் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது. நுழைவுக் கட்டணம் இல்லை.

அடுத்து வாசல்கள். அகழியைத் தாண்டியதும் வருவது மராட்டியர் காலத்து வாசல். அதன் பின் கேரளாந்தகன் வாசல். சேரனை வென்றதால் ராஜராஜனுக்குக் கிடைத்த பட்டம் அது. மூன்றாவது ராஜராஜன் வாசல். அங்கே நிற்கும் வாயிற்காவலர் சிலைகளை எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் குனிந்தும் பாருங்கள்: அடிப்பகுதியில் மார்க்கண்டேயன் கதையும் சிவன் பார்வதி திருமணமும் சிறிய சிற்பங்களாக இருக்கின்றன.

தரிசனத்தை முதலில் முடித்துவிடுங்கள். கூட்டம் சேரச் சேர வரிசை நீளும். கருவறைப் பக்கம் கேமராவை எடுக்க வேண்டாம்.

இனிதான் முக்கியமான வேலை. வெளியே வந்து, கருவறைக்கு மேல் கோபுரமாக எழும் சுமார் 216 அடி உயர விமானத்தை வலமாகச் சுற்றுங்கள், அடித்தளத்துக்கு அருகிலேயே. அங்கே வரிவரியாக ஓடுகின்றன கல்வெட்டுகள். தான் கொடுத்தவை, அக்கன் குந்தவை கொடுத்தவை, தன் தேவியர் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை அனைத்தையும் கல்லிலே வெட்டச் சொன்னான் அரசன். தன் கொடையோடு பிறர் கொடையையும் அதே கல்லில் ஏற்றிய அந்த மனம் எனக்கு விமானத்தின் உயரத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது. இந்தக் கோயிலின் இன்னொரு கல்வெட்டு, ஆடல் பணிக்கு அமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலை ஒட்டிய தெருக்களில் குடியமர்த்திய ஆடல் மகளிரை, பெயர் பெயராகச் சொல்கிறது. எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த வீட்டில் குடியிருந்தார்கள் என்பது வரை. பழைய எழுத்தாதலால் உடனே படிக்க வராது. ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வருவதைத் தேடிப் பாருங்கள், கண் மெல்லப் பழகும்.

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெயில் சாயும் நேரத்தில் நீண்டு கிடக்கும் நிழலை நீங்களே பார்க்கலாம்.

பிறகு காலத்தைப் பிரித்துப் பாருங்கள். அம்மன் சன்னதி பாண்டியர் காலத்தது. முருகன் சன்னதியும் பெரிய நந்தியும் நாயக்கர் காலத்தவை. முருகன் சன்னதிச் சுவரின் நுண்ணிய வேலைப்பாட்டுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

வெயில் நேரத்துக்கு அரண்மனை இருக்கிறது. அங்குள்ள கலைக்கூடத்தில் சோழர் செப்புத் திருமேனிகளை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் பார்க்கலாம். அதே வளாகத்தில்தான் சரசுவதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகமும்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் கும்பகோணம் பக்கம் போங்கள். அதை ஒட்டிய தாராசுரத்தில் இரண்டாம் ராஜராஜன் எடுத்த கோயிலின் மண்டபம், சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர் போலவே இருக்கும். கருவறையின் வெளிச்சுவரில் நாயன்மார் கதைகள் சாண் அளவுச் சிற்பங்களாக வரிசையாக வருகின்றன; பெரிய புராணம் தெரிந்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்துப் போனால் ஒவ்வொன்றாக அடையாளம் காட்டுவார். அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம். ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் அங்கே கட்டிய கோயிலின் வடக்குப் படிக்கட்டருகே, சிவபெருமான் நாயன்மார்களில் ஒருவரான சண்டேசர் தலையில் மாலை சூட்டும் சிற்பம் இருக்கிறது. மற்றவற்றைப் பார்க்கும் முன் நேராக அதனிடம் போங்கள்.